வெளிநாட்டு அணிகள் மதுரை வந்தால்: பந்தோபஸ்து வேலை தெரிந்தவர்களின் அனுபவப் பகிர்வு (பேசுபவர்கள் மதுரைப் பகுதிகளின் பெயரில்)

நரிமேடு:
2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஜூனியர் ஆடவர் உலகக் கோப்பை ஹாக்கியைச் சென்னையும் மதுரையும் பங்கிட்டு நடத்தின. மொத்தம் 24 அணிகள். பாகிஸ்தான் விலக, அந்த இடத்துக்கு ஓமன் வந்தது. போட்டி நெருங்கும் நேரத்தில் ஓர் அணி மாறினால் பெயர்ப்பட்டியல், விசா, தூதரகத் தொடர்பு, ஓட்டல் தளம், பஸ் வரிசை என்று அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.

அணிகள், ரசிகர்களோடு வெளிநாட்டுப் போலீஸ் வந்தால் என்ன செய்வார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். வழக்கமாக அவர்களுக்குக் கைது அதிகாரம் கிடையாது. தங்கள் நாட்டு ரசிகர்களில் யார் வம்புக்காரர், யார் வெறும் சத்தம் போடுபவர் என்று அடையாளம் சொல்வார்கள். ஐரோப்பாவில் இந்த முறை வலுப்பட்டதே 1985-ல் பெல்ஜியத்தின் ஹெய்சல் கால்பந்து மைதானத்தில் நெரிசலில் 39 பேர் இறந்த பிறகுதான். 2016-ல் பிரான்சின் செயின்ட் டெனிஸில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, கால்பந்துத் தகவலுக்கென்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே தொடர்பு மையம். 2024 யூரோ கால்பந்துக் கோப்பைக்கு ஜெர்மனியின் நாய்ஸ் நகரில் பல நாட்டுப் போலீசாரை ஒரே இடத்தில் உட்காரவைத்தார்கள். பல நாட்டுப் போலீசை இணைக்கும் இன்டர்போலைத் தொடர்புகொள்ள நமக்கு வழி சிபிஐதான். 2025 ஜனவரியில் வந்த சிபிஐ-யின் பாரத்போல் இணையதளத்தால் மாநிலப் போலீஸ் கோரிக்கை அனுப்பும் வேலை சுலபமாகியிருக்கிறது.

ஆரப்பாளையம்:
பாஸ்போர்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், குழப்பம் அதிகம் வருவது அங்கேதான்.

தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களுக்கான இன்டர்போல் பட்டியலில் பாஸ்போர்ட் எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். எண் பொருந்திவிட்டது என்பதற்காக எதிரில் நிற்பவரைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. தொலைந்துபோனதாகப் புகார் கொடுத்துவிட்டு, பிறகு வீட்டிலேயே கிடைத்ததும் அதையே எடுத்துக்கொண்டு கிளம்பியவராக இருக்கலாம். மரியாதையாகத் தனியே உட்காரவைத்து, பாஸ்போர்ட் கொடுத்த நாட்டிடம் உறுதிசெய்த பிறகுதான் அடுத்த நடவடிக்கை.

பெயரை வைத்துத் தேடும்போது சிக்கல் வேறு மாதிரி. மலேசியத் தமிழர்களின் பாஸ்போர்ட்டில் தன் பெயர், நடுவில் 'ஏ/எல்' (இன்னாரின் மகன்) அல்லது 'ஏ/பி' (இன்னாரின் மகள்), அப்புறம் அப்பா பெயர் என்று இருக்கும். அது டிக்கெட்டில் ஒன்றாய்ச் சேர்ந்திருக்கும், அடையாள அட்டையில் இனிஷியலாய்ச் சுருங்கியிருக்கும், ஓட்டல் பதிவேட்டில் முன்பின்னாய் மாறியிருக்கும். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்! பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரி எந்திர எழுத்தை ஸ்கேன் செய்து, அதில் வருவதையே எல்லா இடத்திலும் போடுங்கள். கையால் தட்டச்சு செய்யவே விடாதீர்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஓட்டல்காரர் அவர் விவரத்தை (முன்பு ஃபார்ம் சி என்பார்கள்) பதிய வேண்டும், அதற்கும் இதே விதி.

பாண்டிகோவில்:
அணி பஸ் பற்றி. மோப்ப நாய் ஏறி இறங்கிய பிறகு கதவு, லக்கேஜ் அறை, டீசல் மூடி மூன்றுக்கும் எண் போட்ட சீல். எண்ணை எழுதியவர் ஒருவர், மைதானத்தில் ஒப்பிடுபவர் வேறொருவர். இருவரும் ஒரே ஆளாக இருந்தால் சீல் போட்டதற்கே அர்த்தமில்லை. இரண்டு வழி தயாராக இருக்க வேண்டும், எந்த வழி என்பதைப் புறப்படும்போது சொன்னால் போதும். 2009 மார்ச் 3 அன்று லாகூரில் இலங்கை கிரிக்கெட் அணி தாக்கப்பட்டது பஸ்ஸில் போகும்போதுதான் என்பதை மறக்கவே கூடாது.

ஹாக்கி என்றால் கோல்கீப்பர் பைக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். காலுக்குக் கட்டும் பேட் எல்லாம் தடித்த ஃபோம், கையால் அமுக்கிப் பார்க்கத்தான் வேண்டும். அணி மருத்துவரின் பெட்டியில் கத்தரிக்கோல், ஊசி, வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரே இருக்கும். பட்டியலை முந்தின நாளே வாங்கி வாசலில் ஒட்டிவிட்டால் தகராறு வராது. இல்லையென்றால் ஆட்டக்காரர் அடிபட்டுக் கிடக்கும்போது பெட்டி வாசலிலேயே கிடக்கும்.

தல்லாகுளம்:
அண்ணே, நீங்கள் சொன்னதெல்லாம் உள்ளே வருவதற்கு. வெளியே போவதையும் சேர்த்துப் பேச வேண்டும். 2022 ஜனவரி 24 அன்று ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பையின்போது கேமரூனின் யாவுண்டேயில் 8 பேர் மூடிய வாசலருகே நெரிசலில் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங் நகரக் கால்பந்து மைதானத்தில், கண்ணீர்ப்புகை அடித்த பிறகு வாசலில் சிக்கி 135 பேர். அங்கே வந்த சாவுக்கும் வெளிநாட்டுச் சதிக்கும் சம்பந்தமே இல்லை.

இங்கிலாந்தின் மைதானப் பாதுகாப்புக் கையேடு சொல்லும் கணக்கு இது: சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படியில் 66 பேர். 8 நிமிடத்தில் கூட்டம் வெளியேற வேண்டும். 5,000 பேர் என்றால் சமதளத்தில் சுமார் 7.6 மீட்டர் வாசல் அகலம் தேவை. அதில் 2.5 மீட்டர் கேட் ஒன்றைப் பூட்டிவிட்டால் 12 நிமிடம் ஆகிவிடும். பார்க்கிங் தகராறு, விஐபி கார், தண்ணீர் லாரி என்று ஏதாவது ஒன்றுக்காகப் பூட்டுவார்கள். சாவி கேட்டிலேயே நிற்கும் ஆளிடம் இருக்க வேண்டும், கன்ட்ரோல் ரூமில் அல்ல. ஆட்டம் முடிய 15 நிமிடம் இருக்கும்போதே எல்லாக் கேட்டும் திறந்திருக்கட்டும். அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தையே பார்க்கும் ஊர் நம்முடையது. ஆனால் 2022-ல் அங்கேயும் நெரிசலில் இருவர் இறந்தார்கள்.

நரிமேடு:
தல்லாகுளம் தம்பி சொன்னது சரி. தகவலிலும் இதே கதைதான், கன்ட்ரோல் ரூம் வரைக்கும் வந்தது வாசல் காவலருக்குப் போய்ச் சேராது. வெளிநாட்டு அதிகாரி பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த எஸ்ஐ ஒருவர் மைக்கோடு உட்கார வேண்டும். சொல்லும் வரிசை: ஆள் அடையாளம், உடை நிறம், எந்த வாசல், என்ன செய்ய வேண்டும். கடைசியில் 'கவனி', 'நிறுத்து', 'விடு' இந்த மூன்றில் ஒரு சொல் கட்டாயம். அது இல்லாமல் போனால் ஒரு காவலர் ஆளை விட்டுவிடுவார், இன்னொருவர் சட்டையைப் பிடிப்பார்.

நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றியே சொல்லுங்கள். டிசம்பரில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். 'மாலை 3 மணிக்கு வருகிறார்கள்' என்று அங்கிருந்து வரும் குறிப்பில் அது எந்த ஊர் மணி என்று கேட்டு, இந்திய நேரத்தை எழுதி, அதற்குப் பிறகுதான் வாசலுக்கு அனுப்ப வேண்டும்.