உலக நீதிமன்றத்தில் இனப்படுகொலை வழக்கு: யார் போடலாம், போட்டால் என்ன ஆகும்?

பவானிக்காரன்:
நேற்று பேக்கரியில் ஒரே வாக்குவாதம். நண்பர் ஒருவர் பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவர், இப்போது பெருந்துறையில் லேத் பட்டறையில் இருக்கிறார். "மியான்மர் மேல காம்பியா கேஸ் போட்டுச்சு, இஸ்ரேல் மேல தென்னாப்பிரிக்கா போட்டுச்சு. எங்களுக்காக இலங்கை மேல இந்தியா போடக் கூடாதா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர், "ரஷ்யாவை நிறுத்தச் சொல்லிக் கோர்ட்டே உத்தரவு போட்டுச்சே, நின்னுச்சா?" என்றார். இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

நொய்யல்கரை:
தீர்ப்பை அமல்படுத்த வைப்பது ஐ.நா. பாதுகாப்பு சபையின் பொறுப்பு. அங்கே ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று வீட்டோ போட்டால் கதை முடிந்தது. ரொம்ப எதிர்பார்க்காதீங்க.

கோபி குமாஸ்தா:
வீட்டோ உண்மைதான், ஆனால் அதோடு விட்டுவிட முடியாதுங்க. நான் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். தடப்பள்ளி வாய்க்கால் தகராறுகளில் பிராது கொடுக்கும் அன்றே, வழக்கு முடியும் வரை மடையை அடைக்கக் கூடாது என்று தனியாக ஒரு மனுவும் கொடுப்போம். அசல் வழக்கு பேரன் காலத்தில் முடியும். பயிரைக் காப்பாற்றுவது அந்த இடைக்கால உத்தரவுதான். உலக நீதிமன்றம் இருக்கும் தி ஹேக்கிலும், போர் நடக்கும்போது எல்லாரும் ஓடுவது அதற்காகத்தான்.

போஸ்னியா 1993 மார்ச் 20இல் செர்பியா (அன்றைய யூகோஸ்லாவியா) மேல் வழக்குப் போட்டது. மூன்று வாரத்துக்குள் இடைக்கால உத்தரவு வந்துவிட்டது. அப்படியும் 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா ஊரில் படுகொலை நடந்தது. ஏழாயிரம் பேருக்கு மேல் கொன்றார்கள். இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரியில். நடந்தது இனப்படுகொலைதான், ஆனால் அதைச் செர்பிய அரசே செய்தது என்று நிரூபணமாகவில்லை, தடுக்கத் தவறியதும் குற்றவாளிகளைத் தண்டிக்க ஒத்துழைக்காததும்தான் குற்றம் என்றார்கள். நஷ்டஈடு ஒரு பைசா கிடையாது. எனக்கு இன்றைக்கும் அந்தத் தீர்ப்பு செரிக்கவில்லை.

எல்லா வழக்கும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். இத்தனை பேர் செத்தார்கள் என்று காட்டினால் போதாது. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடே கொன்றார்கள், நடந்ததை வைத்து வேறு எந்த நியாயமான முடிவுக்கும் வர வழியில்லை என்று காட்ட வேண்டும். குரோஷியா 1999இல் போட்ட வழக்கும், செர்பியா போட்ட எதிர்வழக்கும் 2015இல் சேர்ந்து தள்ளுபடியானது இதனால்தான்.

இடைக்கால உத்தரவுக்கு இவ்வளவு நிரூபணம் வேண்டாம். 2024 ஜனவரி 26இல் இஸ்ரேல் விஷயத்தில் வந்தது அந்த வகை உத்தரவுதான். இனப்படுகொலை நடந்துவிட்டது என்று அதில் சொல்லவில்லை. போரை நிறுத்து என்றும் சொல்லவில்லை. மே 24இல்தான் காசாவின் ரஃபா நகர் மேலான தாக்குதலை நிறுத்தச் சொல்லி 13க்கு 2 என்று உத்தரவு. அந்த 13 பேரில் நம் நாட்டு நீதிபதி தல்வீர் பண்டாரியும் ஒருவர்.

ரஷ்ய வழக்கு தலைகீழ். கிழக்கு உக்ரைனின் டான்பாஸ் பகுதியில் உக்ரைன் இனப்படுகொலை செய்கிறது என்று சொல்லித்தான் ரஷ்யா படையெடுத்தது. "அது பொய், நாங்கள் செய்யவில்லை என்று அறிவியுங்கள்" என்று கேட்டு உக்ரைனே கோர்ட்டுக்குப் போனது. 2022 மார்ச்சில் போரை நிறுத்தச் சொன்னார்கள், நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில், படையெடுத்தது சரியா தவறா என்பது 1948 இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்துக்குள் வராது என்று ஒதுக்கிவிட்டு, உக்ரைன் இனப்படுகொலை செய்ததா என்ற கேள்வியை மட்டும் விசாரணைக்கு வைத்துக்கொண்டார்கள்.

இப்போது இந்தியா. அந்த 1948 ஒப்பந்தத்தில் ஒன்பதாவது பிரிவு இருக்கிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டை இந்தக் கோர்ட்டுக்கு இழுப்பது அதை வைத்துத்தான். இந்தியா 1959இல் சேர்ந்தபோதே, சம்பந்தப்பட்ட எல்லா நாடுகளும் சம்மதித்தால்தான் வழக்கு என்று நிபந்தனை போட்டது. 1973இல் பாகிஸ்தான், தன் 195 போர்க்கைதிகளை இந்தியா வங்கதேசத்திடம் விசாரணைக்கு ஒப்படைக்கக் கூடாது என்று நம் மேல் வழக்குப் போட்டது. நம் ஆட்கள் இந்த நிபந்தனையைக் காட்டிவிட்டு ஆஜராகவே இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் பாகிஸ்தானே வழக்கை வாபஸ் வாங்கியது. ஆனால் நம்மைக் காப்பாற்றிய அதே நிபந்தனையை நாம் வழக்குப் போட்டால் எதிராளி நம்மிடமே காட்டலாம். இலங்கை மேல் இந்தியா போடுவது நடக்காது என்பது இதனால்தான். சூடான் போட்ட வழக்கை ஐக்கிய அரபு அமீரகம் 2025இல் தட்டிவிட்டதும் இதே மாதிரி நிபந்தனையை வைத்துத்தான்.

பவானிக்காரன்:
ரொம்ப நன்றிங்க. அப்ப வேறு நாடு போடலாமா? நடந்தது இனப்படுகொலைதான் என்று இலங்கை வடக்கு மாகாண சபை 2015இல் தீர்மானம் போட்டதே, அது?

கோபி குமாஸ்தா:
மாகாண சபை வாதியாக முடியாதுங்க. தனியாளும் முடியாது, அமைப்பும் முடியாது. அரசுகள் மட்டும்தான். வேறு நாடு என்றால் சட்டப்படி வழி இருக்கிறது. இலங்கை 1950இல் சேர்ந்தபோது நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. நேரடியாகப் பாதிக்கப்படாத நாடும் போடலாம் என்பதை 2022 ஜூலையில் காம்பியா வழக்கில் கோர்ட்டே ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கின் கதையைப் பாருங்க. அன்றைய காம்பிய நீதி அமைச்சர் அபுபக்கர் தம்பாடு முன்பு ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் வேலை பார்த்தவர். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாமுக்குப் போய், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா மக்கள் சொன்னதை நேரில் கேட்டார். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பும் காம்பியாவுக்குப் பின்னால் நின்றது. இலங்கை விஷயத்தில் அப்படி எந்த நாடும் இதுவரை வரவில்லை. வந்தாலும் அந்த நோக்கத்தை நிரூபிக்கும் பாடு தனி.

அதே தி ஹேக்கில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் என்று இன்னொன்று இருக்கிறது, ஆட்களைத் தண்டிப்பது அது. இலங்கை அதில் உறுப்பு நாடு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லுங்க.