ஏழாம் வகுப்புப் புவியியல் செயல்திட்டம்: சுமத்ராவில் தொடங்கிய சுனாமி நம் கரைக்கு ஏன் வந்தது?

கேள்வி: மாணவியின் தாய்

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ‘இயற்கைப் பேரிடர்கள்’ என்னும் தலைப்பில் புவியியல் செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். நிலநடுக்கம், எரிமலை, புயல், வெள்ளம், வறட்சி, நிலச்சரிவு, சுனாமி ஆகிய ஏழையும் ஒரே சார்ட்டில் எழுதி, கடையில் விற்கும் படத்தாளை வெட்டி ஒட்டிவிடலாம் என்றுதான் அவளும் தோழிகளும் முடிவு செய்திருந்தார்கள். நேற்று இரவு எரிமலைப் படத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, “அம்மா, சுனாமி சுமத்ராவில்தானே தொடங்கியது, நம் கரைக்கு ஏன் வந்தது?” என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. ஒட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பிள்ளை தானே செய்து, தானே விளக்கக்கூடிய வகையில் இதை எப்படி அமைக்கலாம் என்று, கற்பித்த அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்

அம்மா, உங்கள் மகள் கேட்ட கேள்வியையே தலைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஆறும் வேண்டாம். ஏழையும் தொட்டு எழுதும் பிள்ளைக்கு எதுவும் மனத்தில் நிற்பதில்லை என்பதைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கே இந்தியப் புவித்தட்டு கிழக்கில் உள்ள தட்டின் அடியில் செருகிக்கொண்டே போகிறது. அந்த உரசலில் சிக்கி நீண்ட காலமாக வளைந்திருந்த மேல்தட்டின் விளிம்பு அன்று விடுபட்டுத் துள்ளியபோது, கடல்தரை சில மீட்டர் உயர்ந்து, தன் மேல் நின்ற நீர் முழுவதையும் தூக்கியது. காற்றினால் எழும் அலையில் மேல்நீர் மட்டுமே அசையும். சுனாமியில் அடியிலிருந்து மேல்வரை நீர் முழுவதும் நகர்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளை தன் சொற்களில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து ஒரு கணக்கு. கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து, 9.8ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால், சுனாமி ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர் செல்லும் என்பது கிடைக்கும். 4000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். கரையோரம் 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது மணிக்கு 36 கிலோமீட்டர்தான். முன்னால் செல்லும் நீர் தயங்க, பின்னால் வருவது வந்து சேர, அலை உயர்ந்துவிடுகிறது. நிலநடுக்க மையத்திலிருந்து நாகப்பட்டினம் வரை உள்ள தூரத்தை அவளே அட்லஸில் நூல் வைத்து அளக்கட்டும். நம் கரையை அலை எட்டியது ஒன்பது மணியையொட்டி. ஆகவே பயண நேரம் சுமார் இரண்டரை மணி. வரும் விடையை இங்கே எழுதுங்கள்.

மாணவியின் தாய்

ஐயா, நூல் வைத்து அளந்தாள். சுமார் 2000 கிலோமீட்டர் வந்தது. இரண்டரையால் வகுத்தால் மணிக்கு 800. வங்காள விரிகுடாவின் ஆழத்துக்கு அவ்வளவு வேகம் வராது, தான் தவறாக அளந்துவிட்டதாகச் சொல்லி அழித்து அழித்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்

அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்; அளவு சரியே. அன்று நிலம் ஒரு புள்ளியில் மட்டும் உடையவில்லை. சுமத்ராவில் தொடங்கிய பிளவு நிக்கோபார், அந்தமான் தீவுகளை ஒட்டி வடக்கே 1200 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. எனவே நமக்கு வந்த அலை சுமத்ராவைவிட அருகிலிருந்து புறப்பட்டது. பிளவு வடக்குத் தெற்காக அமைந்ததால் அலையின் வலு அதற்குக் குறுக்காக, கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. தாய்லாந்தும் இலங்கையும் தமிழகமும் அடிபட, வடக்கே இருந்த வங்கதேசம் பெரிதும் தப்பியது. அவளுடைய கேள்விக்கு இதுதான் விடை. கணக்கு இடித்த இடத்தையும் அப்படியே செயல்திட்டத்தில் காட்டச் சொல்லுங்கள்.

பதில் 2: நாகைக் கடற்கரைக்காரர்

நான் அக்கரைப்பேட்டைப் பக்கம். ‘சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கும்’ என்று பிள்ளை பொதுவாக எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நாங்கள் கண்டபடி முதலில் வந்தது ஏற்றம்தான். கறுத்த நீர் தெருவுக்குள் ஏறியது, கடல் உள்வாங்கியதெல்லாம் அதற்குப் பிறகு. பிளவின் மேற்கே கடல்தரை உயர்ந்ததால் எங்கள் பக்கம் அலையின் முகடு முன்னால் வந்தது என்றும், கிழக்கே தாழ்ந்ததால் தாய்லாந்தில் நீர் முதலில் பின்வாங்கியது என்றும் பின்னாளில் அறிந்தேன். உள்வாங்குவதற்காகக் காத்திருந்தால் எங்கள் கரையில் தப்ப முடியாது.

ஃபைபர் படகில் கடலுக்குள் இருந்த என் அப்பாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. திரும்பும் வழியில் பாயும் பாத்திரமும் மிதப்பதைப் பார்த்த பிறகுதான் பதறியிருக்கிறார். வீட்டில் சோற்றுப் பானைக்குள் விளிம்பு வரை கருஞ்சேறு இறுகியிருந்தது. தமிழகத்தில் மாண்ட சுமார் 8000 பேரில் ஏறக்குறைய 6000 பேர் எங்கள் மாவட்டத்தில் இறந்தவர்கள். பிள்ளை யாரையாவது நேர்காணப் போனால், இழந்தவர்களைப் பற்றி அவர்களாகச் சொன்னால் மட்டும் கேட்டுக்கொள்ளட்டும்.

பதில் 3: பள்ளி அறிவியல் ஆசிரியை

மாதிரி செய்வதானால் தெர்மாகோல் வேண்டாம், சகோதரி. நீளமான தட்டின் ஒரு முனையில் ஈரமணலைச் சரிவாக அழுத்தி, மறுமுனையில் நீரின் அடியில் ஓர் அட்டையை வைத்துச் சட்டென்று உயர்த்தச் சொல்லுங்கள்; வாயால் ஊதினால் எழுவது காற்றலை மட்டுமே. மணற்சரிவில் பல்குத்தும் குச்சிகளை நெருக்கமாக நட்டால் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டைக் காட்டலாம். ஆனால் காடு மட்டுமே ஊர்களைக் காத்தது என்று முடித்துவிட வேண்டாம். ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு மேட்டில் இருந்தது என்பதற்கும் பெரும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள்.

ஆகவே குச்சியோடு ஒருமுறை, குச்சியில்லாமல் ஒருமுறை, சரிவை உயர்த்தி ஒருமுறை என்று செய்து, நீர் ஏறிய எல்லையில் ஒவ்வொரு முறையும் தட்டின் ஓரத்தில் பென்சிலால் கோடு போடட்டும். பார்வையாளர்கள் வரும் நாளிலும் அந்தக் கோடுகளை அழிக்காமல் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.