மாடி வீட்டுக்கு ஃபேன்: எந்த அறைக்கு எது, கொக்கி எங்கே?

ஊமச்சிகுளத்துக்காரன்:

வணக்கம். கீழ்வீட்டுக்கு மேலே மாடி எடுத்துக்கொண்டிருக்கிறோம், வருகிற ஞாயிற்றுக்கிழமை தளம் போடுகிறார்கள். ஹால் 22க்கு 13 அடி. படுக்கையறை இரண்டு, இரண்டுமே 12க்கு 11. அப்பத்தாவுக்குத் தனியாக 10க்கு 9ல் ஒரு அறை, அதில் ஒரு பக்கம் 2 அடி அகலத்துக்குப் பரண் வருகிறது. சமையலறை, பூஜை அறை வேறு. தளம் 10 அடி உயரம். இதற்கு மேல் மாடி கிடையாது, மொட்டை மாடிதான், அதனால் சித்திரை வைகாசியில் எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டவுன்ஹால் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் எல்லாமே பிஎல்டிசி (உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வைத்த, கரண்ட் குறைவாக இழுக்கிற மோட்டார் ஃபேன்) போடுங்கள், கரண்ட் பில் பாதியாகும் என்கிறார். அடுத்தவர் அதெல்லாம் போர்டு போனால் தூக்கிப் போடவேண்டியதுதான், காப்பர் வைண்டிங் ஃபேன்தான் காலத்துக்கும் நிற்கும் என்கிறார். மூன்றாவது கடையில் ஹாலுக்கு 56 இஞ்ச் ஃபேன் ஒன்றே போதும் என்றார்கள். அப்பத்தா அறைக்குச் சின்னதாக 36 இஞ்ச் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது, ராத்திரியில் வேர்த்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், அதனால் அந்த அறைதான் எனக்கு முக்கியம். எதை எங்கே போட்டீர்கள், எப்படி ஓடுகிறது என்று சொல்லுங்கள்.

செக்கானூரணி வயரிங்:

தம்பி, ஃபேனைத் தீபாவளிக்கு வாங்கினாலும் வாங்கிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு செய்யவேண்டியது கொக்கி இருக்கும் இடம். கான்கிரீட் கொட்டிவிட்டால் அப்புறம் தளத்தை ஓட்டை போட்டு ஆங்கர் அடிக்க வேண்டியிருக்கும், அதைவிட இப்போதே ஃபேன் பாக்ஸ் (கொக்கிக் கம்பி உள்ள பெட்டி) வைத்து, அதன் கம்பியைத் தளத்துக் கம்பியோடு கட்டிவிடுவது பலம்.

ஹாலுக்கு ஒரே ஃபேன் வேண்டாம். 56 இஞ்ச் போட்டாலும் 22 அடி நீளத்துக்குக் காற்று நடுவில் மட்டும்தான் விழும், டி.வி. பக்கம் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் வராது. நீளத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு குறுகிய சுவரிலிருந்தும் ஐந்தரை அடி தள்ளி ஒவ்வொரு கொக்கி, நடுவில் 11 அடி இடைவெளி. இரண்டும் 48 இஞ்ச், அதாவது 1200 மி.மீ. ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் ஒன்றைப் போட்டால் போதும். படுக்கையறைகளுக்கும் 48தான், நடுவில் ஒன்று.

அப்பத்தா அறைக்கு 36 போடாதீர்கள். 48 இஞ்ச் ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 2 அடிதான் நீளும், சுவருக்கும் இறக்கை நுனிக்கும் ஒன்றரை அடி இருந்தால் காற்று ஒழுங்காகச் சுற்றும். 9 அடி அறையில் தாராளமாக அடங்கும். ஆனால் பரண் இருக்கிறதே, அதுதான் விஷயம். பரண் 9 அடி அகலத்தைத் தின்கிற பக்கம் வந்தால் மீதி 7 அடி. கொக்கியை அறையின் நடுவில் வைக்கக்கூடாது, பரணை விட்டு மீதியுள்ள இடத்தின் நடுவில் வைக்க வேண்டும். தளம் 10 அடி, ராடு போக இறக்கை சுமார் 9 அடியில் சுற்றும், பரண் 7 அடியில் இருக்கும். பரணில் பாத்திரம் எடுக்க ஏறுகிறவர் தலையும் இறக்கையும் ஒரே உயரத்தில் வரும். மறந்துபோய் ஃபேனை நிறுத்தாமல் ஏறுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. படுக்கையறையில் தூளி கட்ட வேண்டியிருந்தால் அதற்குத் தனிக் கொக்கி போடுங்கள். ஃபேன் கொக்கியில் தூளி கட்டவே கூடாது. ஃபேனை இறக்கிவிட்டுக் கட்டினாலும் கூடாது, நாள் முழுக்க ஆட்டினால் கொக்கி தேய்ந்துபோகும், மறுபடி ஃபேனை மாட்டும்போது அது யாருக்கும் தெரியாது.

திருநகர் அக்கா:

வயரிங் அண்ணன் சொன்னதோடு விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் டியூப்லைட்டை இறக்கைக்கு மேலே மாட்டிவிட்டார்கள், ஃபேன் சுற்றும்போது அறை முழுக்க நிழல் வெட்டி வெட்டிப் போகும், புத்தகம் படிக்க உட்கார்ந்தால் கண் வலிக்கும். பிள்ளைகள் படித்த ஐந்து வருடமும் அப்படியே ஓட்டினோம். இறக்கை சுற்றுகிற உயரத்துக்குக் கீழே, சுவரில் விளக்குப் பாயின்ட் வையுங்கள்.

பூஜை அறைக்கு ஃபேனே வேண்டாம், விளக்கு நிற்காது. சமையலறையிலும் அப்படித்தான், அடுப்பு எரியும்போது ஃபேன் போட்டால் தீ ஒரு பக்கமாகச் சாயும், பால் பொங்க அரைமணி ஆகும். அங்கே அடுப்புக்கு மேலே எக்ஸாஸ்ட் நன்றாக இருந்தால் போதும், காய் நறுக்குகிற பக்கம் பார்த்து ஒரு சுவர் ஃபேன் வைத்துக்கொள்ளலாம்.

அப்பத்தாவுக்குக் கொசுவலை கட்டுவீர்களா? கட்டினால் காற்று பாதிதான் உள்ளே வரும். என் மாமியாருக்கு அப்படி ஆனதால் ஜன்னலுக்கு வலையடித்துவிட்டு கொசுவலையைக் கழற்றிவிட்டோம், அப்புறம்தான் தூங்கினார்.

மேலூர் பக்கம்:

நான் பிஎல்டிசி ஆள். நாலு வருடமாக மூன்று ஓடுகிறது. எங்கள் ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கிவிடும், பழைய ஃபேன் ஐந்தில் வைத்தாலும் தள்ளாடிக்கொண்டு சுற்றும். பிஎல்டிசி அந்த நேரத்திலும் ஒரே வேகத்தில் சுற்றுகிறது. இன்வெர்ட்டரில் போனாலும் உர்ரென்ற சத்தம் கிடையாது, பேட்டரியும் நெடுநேரம் தாங்குகிறது.

கணக்கும் சொல்கிறேன். பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 900 மணி நேரம். ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். நாலு ஃபேனுக்கு 160 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறிவிடுகிறது, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

குறையையும் மறைக்கவில்லை. போன வருடம் இடிமழையில் ஒன்றின் போர்டு போய்விட்டது. வாரண்டி இருந்தும் கம்பெனிக்காரர்கள் மூன்று வாரம் அலையவிட்டார்கள். அதனால் உங்கள் பக்கம் சர்வீஸ் ஆள் இருக்கிற கம்பெனியா என்று விசாரித்து வாங்குங்கள்.

செக்கானூரணி வயரிங்:

மேலூர் அண்ணன் கணக்கில் ஒரு திருத்தம். 75 வாட் என்பது வீட்டில் பத்து பதினைந்து வருடமாக ஓடுகிற ஃபேனுக்குச் சரி. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம், அப்போது வந்த விதிப்படி 48 இஞ்ச் ஃபேன் ஒரு நட்சத்திரம் வாங்கவே ஒரு வாட்டுக்கு நிமிடத்துக்கு 4 கன மீட்டர் காற்று தள்ள வேண்டும். 48 இஞ்ச் ஃபேன் 210 கன மீட்டர் தள்ளுகிறது என்றால் 52 வாட்டுக்குள் இருக்கணும். தம்பி புதிதாக வாங்குகிறார், அவர் 52ஐயும் 30ஐயும்தான் ஒப்பிட வேண்டும். அப்போது ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் மிச்சம் 20 யூனிட்தான். அதுவும் 15 மணி நேரம் ஓடினால். விருந்தாள் வந்தால் மட்டும் போடுகிற ஃபேனுக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

கடையில் லேபிளில் பார்க்க வேண்டியது காற்றின் அளவு. ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) 400, 420 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், இறக்கை ஒல்லியாகவும் சாய்வு குறைவாகவும் இருந்தால் வேகமாகச் சுற்றிச் சத்தம்தான் வரும். மரக்கலர் அலங்கார ஃபேன் வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். காற்றின் அளவு 210க்குக் குறைந்தால் படுக்கையறைக்கு எடுக்காதீர்கள், 220, 230 இருந்தால் நல்லது.

பிஎல்டிசி மாட்டுகிற இடத்தில் ரெகுலேட்டர் வழியாகக் கொடுக்கக்கூடாது, நேராக சுவிட்சு, வேகத்தைப் பெரும்பாலும் ரிமோட்டில்தான் மாற்றுவோம். ஆனால் சுவிட்சு போர்டில் ரெகுலேட்டருக்கு ஒரு இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள், நாளைக்குச் சாதா ஃபேன் மாற்றினால் சுவரை உடைக்க வேண்டாம்.

திருநகர் அக்கா:

வயதானவர் அறைக்கு ரிமோட் மட்டும் உள்ள ஃபேன் வாங்கும்போது யோசியுங்கள். ராத்திரி இருட்டில் ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பார். சுவிட்சை அணைத்துப் போட்டாலே வேகம் மாறுகிற மாதிரி சில மாடலில் உண்டு, அது இல்லாவிட்டால் கட்டில் பக்கம் கைக்கு எட்டுகிற உயரத்தில் ரெகுலேட்டர் வைத்துச் சாதா ஃபேனே போடுங்கள், அவர் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்வார்.

அப்புறம், மொட்டை மாடிக்கு ஏதாவது செய்யாமல் ஃபேனை மட்டும் நம்பாதீர்கள். ஃபேன் அறையைக் குளிராக்காது, வேர்வையை ஆற்றுகிறது, அவ்வளவுதான். தளம் பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பன்னிரண்டு மணி வரை கீழே இறக்கும், ஃபேன் அதைத்தான் எடுத்து நம் மேல் அடிக்கும். வெள்ளைக் கூலிங் ஓடு பதிக்கப் பணம் இல்லாவிட்டால் பங்குனியில் சுண்ணாம்பாவது அடித்துவிடுங்கள், காலில் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

ஊமச்சிகுளத்துக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலையில் சென்ட்ரிங் பலகை மேல் ஏறி நானே டேப் பிடித்து அளந்துவிட்டேன். ஹாலில் இரண்டு கொக்கி, இரண்டு குறுகிய சுவரிலிருந்தும் ஐந்தரை அடியில் ஒவ்வொன்று. அப்பத்தா அறையில் எலக்ட்ரீசியன் அறை நடுவில்தான் குறித்து வைத்திருந்தார், அந்தக் குறியிலிருந்து பரணுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு அடி தள்ளி மாற்றச் சொல்லிவிட்டேன், பரண் ஏறுகிற பக்கத்தையும் கதவோரமாக மாற்றியாகிவிட்டது. தங்கச்சிக்கு அடுத்த மாசம் பிரசவம், அதனால் ஒரு படுக்கையறையில் தூளிக்குத் தனிக் கொக்கி.

ஹாலில் ஒன்று, இரண்டு படுக்கையறை, ஆக மூன்று பிஎல்டிசி. ஹாலில் இரண்டாவது சாதா. அப்பத்தாவிடம் கேட்டேன், "எனக்கு அந்தக் குச்சியெல்லாம் வேண்டாம்டா, திருகுற பொத்தான் வை" என்றார். அவருக்கு ரெகுலேட்டர்தான், தலைமாட்டுச் சுவரில், இரண்டரை அடி உயரத்தில்.

வயரிங் அண்ணே, ஒன்றே ஒன்று: கொக்கிக் கம்பி 12 மி.மீ. போதுமா, தூளிக்கும் அதேதானா?

செக்கானூரணி வயரிங்:

இரண்டுக்கும் 12 போதும் தம்பி. வளைத்த பிறகு இரண்டு முனையையும் தளத்துக் கம்பிக்கு மேலே ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள், கீழே சும்மா செருகி வைக்க விடாதீர்கள். கான்கிரீட் கொட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.