1969 பக்கத்து ஜாஸ் பாட்டுக்காரங்க, யாரையெல்லாம் கேக்கலாம்?

வணக்கம் மக்களே, ஜாஸ் கேக்குறவங்க யாராச்சும் கொஞ்சம் வழி காட்டுங்க. சாக்ஸபோன் வாசிக்கிற ஃபாரோ சாண்டர்ஸோட கர்மா ஆல்பத்துல மாட்டிக்கிட்டேன், முதல் டிராக்கே அரை மணி நேரத்துக்கு மேல ஓடுது, அதுல பாடகர் லியான் தாமஸ் வார்த்தையெல்லாம் விட்டுட்டு திடீர்னு யோடலிங் மாதிரி குரலை உடைச்சு உடைச்சு மேல ஏத்துறார் பாருங்க, சந்திரபாபு யோடலிங் கேட்டு வளந்த நம்ம காதுக்கே அது புதுசா இருக்கு. ரெக்கார்ட் பண்ணது 1969 பிப்ரவரி, நியூயார்க். அதே மாசம் அதே ஊர்லதான் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் மூணு பேரை கீபோர்டுல உக்கார வச்சு, ஜான் மெக்லாஃப்லின் கிட்டாரோட இன் எ சைலண்ட் வே ஆல்பத்தை ரெக்கார்ட் பண்ணார். அதுவும் அபாரம், ஆனா அதுல பாடுறவங்களே கிடையாது.

என் கேள்வி இதான், 1967-ல இருந்து 1972 வரைக்கும் இந்த ஃப்யூஷன் (ஜாஸோட ராக் மாதிரி மத்த இசையைக் கலக்குறது) பக்கம் குரலையே ஒரு வாத்தியமா வச்சு பாடுனவங்க வேற யாரு? ரிட்டர்ன் டு ஃபாரெவர் பேண்டுல ஃப்ளோரா பூரிம், சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மன்கூட பாடுன நம்ம பம்பாய் ஆஷா புத்லி, ரெண்டு பேரையும் கேட்டாச்சு. ஐரோப்பா பக்கம் சுத்தமா தெரியாது. ஆல்பம் பேரோட சொன்னீங்கன்னா புண்ணியமா போகும், சென்னைல பழைய எல்பி ரெக்கார்டு கிடைக்கிற இடம் தெரிஞ்சாலும் சொல்லுங்க.