கையால் எழுதும் கடை போர்டுக்கு என்ன ரேட் சொல்வது?

தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். அப்பா காலத்தில் இருந்து கையால் போர்டு எழுதும் தொழில். என்ன ரேட் சொல்வது, ஆர்டர் தரும் ஆளை எங்கே பிடிப்பது, இந்த ரெண்டிலும் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி பெயிண்ட் அடிப்பார்கள், காசிமேட்டில் பேரும் பதிவு எண்ணும் எழுத வேலை கிடைக்கும். மற்ற மாதங்களில் ஈ ஓட்டுகிறேன்.

சதுர அடிக் கணக்கு சொல்லிப் பார்த்தேன். உடனே ஃபிளெக்ஸ் விலையோடு ஒப்பிட்டு, "இன்னாணா, இதுல பாதிக்கு கலர் போட்டோவோட அடிச்சுத் தரான்" என்கிறார்கள். எழுத்துக்கு இவ்வளவு என்றால் கடைப் பேரையே சுருக்கிவிடுகிறார்கள்! வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாவில் வீடியோ எல்லாம் போட்டேன். ஹார்ட் வருகிறது, ஆர்டர் வரவில்லை.

கடைசி வேலை ஒரு பிரியாணிக் கடைக்கு. 6க்கு 3 அடி தகரம், பிரைமர், அடிக்கலர் ரெண்டு கோட்டு, நூல் தட்டிக் கோடு, எனாமலில் நிழல் எழுத்து. ஒரு கோட்டு காயாமல் அடுத்ததைத் தொட முடியாது, அதுவும் கடல் காற்றில் சீக்கிரம் காயாது. 'ழ'வின் வாலை பிரஷ் எடுக்காமல் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் தடம் தெரியும். 9,000 கேட்டேன், கடைக்காரர் 5,500க்குப் பேசி முடித்தார். தகரம், பெயிண்ட் போக மிஞ்சியது கூலி என்று சொல்லவே கூச்சம்.

அண்ணா நகர், நுங்கம்பாக்கம் பக்கம் புதுக் கஃபேக்களில் கையால் எழுதிய போர்டு பார்க்கிறேன். அந்த ஆட்களிடம் எனக்குப் பழக்கம் இல்லை.

இதே தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: இந்த அளவு போர்டுக்குப் பொருள் செலவு போக கூலி மட்டும் எவ்வளவு வாங்குகிறீர்கள், அந்த ஆர்டர் யார் மூலம் வந்தது?