மறுமொழி: மூளையுறையில் தோன்றும் மெலனோமாவுக்குத் தமிழ்ப்பெயர்

அன்புடையீர்,

> 'முதல்நிலை மூளையுறைக் கரும்புற்று' என்றே கையேட்டில் இருக்கட்டும்.

மூளையுறையிலேயே தோன்றும் மெலனோமாவை (நிறமியணுக்களில் உண்டாகும் புற்று) விளக்கி, நோயாளியின் குடும்பத்தார் படிக்கும் கையேட்டில் 'பிரைமரி' என்பதற்கு 'முதல்நிலை' கூடவே கூடாது. அதை அவர்கள் 'ஸ்டேஜ் ஒன்று' என்றே கொள்வார்கள். நோயோ மூளைத் தண்டுவட நீரின் வழியே பரவக்கூடிய கொடிய நோய். நாம் சொல்ல வேண்டியது நோயின் கட்டத்தை அன்று, பிறப்பிடத்தை. 1859இல் ஜெர்மன் நோயியலாளர் விர்ஹோ விவரித்த இந்நோயைக் கண்டறிவதில் உள்ள சிக்கலே அதுதான். எம்.ஆர்.ஐ. படத்தில் மெலனின் என்னும் கருநிறமி, டி1 என்னும் பட வரிசையில் வெளிறியும் டி2 வரிசையில் இருண்டும் தெரியலாம். தண்டுவட நீரில் புற்றணுக்கள் கிடைக்கலாம். திசுவில் மெலனோமாவைக் காட்ட உதவும் எஸ்-100, எச்.எம்.பி-45 புரதச் சோதனைகள் நேர்மறையாகலாம். தோலிலிருந்து வந்து தங்கிய புற்றிலும் இவை அனைத்தும் அப்படியே இருக்கும். ஜிஎன்ஏகியூ, ஜிஎன்ஏ11 மரபணு மாற்றங்கள் தோலின் மெலனோமாவினின்று பிரித்தறியக் கைகொடுக்கும் என்றாலும் கண்ணின் மெலனோமாவிலும் அவை உண்டு. ஆகவே தோல், கண், சளிச்சவ்வு அனைத்தையும் ஆராய்ந்து, வேறெங்கும் மூலக்கட்டி இல்லை என்று தெளிந்த பிறகே 'பிரைமரி' என்னும் பெயரைச் சூட்டுகிறார்கள்.

> 'மூளையுறைப் புற்று' என்று சுருக்கினால் என்ன?

வேற்றுமை உருபு மறைந்த இத்தொகைச்சொல்லை 'உறையின்கண் உள்ள புற்று' என ஏழாம் வேற்றுமையாகவும் விரிக்கலாம், 'உறையினின்று தோன்றிய புற்று' என ஐந்தாம் வேற்றுமையாகவும் விரிக்கலாம். முன்னதில் பிற இடத்துப் புற்றும் அடங்கிவிடும்; பின்னது மட்டுமே நம் நோய். மருத்துவர் பல சோதனைகளால் நீக்கிய ஐயத்தைத் தொகைச்சொல் மீண்டும் கொண்டுவரலாகாது. நீண்டாலும் உருபை விரித்தே எழுதுவோம்.

> கிரேக்கத்தில் 'மெலாஸ்' கருமைதானே? கரும்புற்றே தூய தமிழ்.

நிறமி இல்லாத மெலனோமாவும் உண்டு. அதை 'நிறமற்ற கரும்புற்று' என்போமா? கருவில் நரம்பு முகட்டிலிருந்து பிரிந்து தோலுக்கும் மூளையுறைக்கும் சென்று சேரும் நிறமியணுக்களே இதற்கு மூலம். ஆதலால் 'நிறமியணுப் புற்று' என்பதே என் பரிந்துரை.

> 'பயா மேட்டர்' என்னும் மூளையுறையின் லத்தீன் பெயரில் 'மேட்டர்' தாய் ஆதலின் 'மென்தாய்' எனலாம்.

அரபு மருத்துவர் 'தாய்' என்றதையே 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தார்கள் என்பது இனிய செய்தி. எனினும் வீட்டார்க்கு 'உறை' போதும்.

மருத்துவ அறிக்கையில் 'மெலனோமா' என்றே இருப்பதால் அச்சொல்லை மாற்றலாகாது என்பாரே மிகுதி. திங்களன்று அச்சுக்குப் போவதால், 'மூளையுறையினின்று தோன்றிய மெலனோமா' என்பதற்கு இசைகிறேன். 'நிறமியணுப் புற்று' அடைப்புக்குறிக்குள்ளாவது இடம்பெற வேண்டும். 'முதல்நிலை'க்கு மட்டும் என் மறுப்பு நீடிக்கிறது.