டோர்டுகேரோ (கோஸ்டாரிக்கா): செப்டம்பரில் வயதான பெற்றோருடன் 3 இரவு, திட்டம் சரியா?

நெய்தல் கேட்டது:

செப்டம்பர் நடுவில் கோஸ்டாரிக்கா போகிறோம். அதில் மூன்று இரவு கரீபியன் கரையிலுள்ள டோர்டுகேரோ கிராமத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். மொத்தம் நான்கு பேர். அப்பா அம்மா இருவருக்கும் எழுபது நெருங்குகிறது, அம்மாவுக்கு முட்டி வலி, இருவரும் முட்டை கூடச் சாப்பிடாத சைவம். ஆமை முட்டையிடுவதைப் பார்ப்பதுதான் முக்கிய ஆசை.

சான் ஹோசேயிலிருந்து எப்படிப் போவது? செப்டம்பர் மழைக்காலம் என்கிறார்களே, வீணாகிவிடுமா? ஆமை பார்க்க நாமாகவே இரவில் கரைக்குப் போகலாமா? கடலில் குளிக்கலாமா? பணம், சாப்பாடு பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வழிப்போக்கன் பதில்:

மாதத்தை மாற்ற வேண்டாம். "செப்டம்பர் மழைக்காலம்" என்பது பசிபிக் கரைக்கும் சான் ஹோசேவுக்கும் பொருந்தும். கரீபியன் கரையில் செப்டம்பரும் அக்டோபரும்தான் ஒப்பீட்டளவில் மழை குறைந்த மாதங்கள். இங்கே கொட்டித் தீர்ப்பது ஜூலையிலும் நவம்பர், டிசம்பரிலும். அதற்காக மழையே இருக்காது என்று நினைக்காதீர்கள். ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் பெய்யும் இடம் அது. ஆளுக்கொரு நல்ல மழைக்கோட்டு கட்டாயம். படகில் குடை உதவாது.

வழி: கிராமத்துக்குச் சாலை கிடையாது. படகு, இல்லையென்றால் சிறு விமானம். விமானத்தில் பெட்டி எடைக்குக் கெடுபிடி உண்டு. ஓடுதளம் கிராமத்துக்கு வடக்கே தள்ளி இருப்பதால், இறங்கிய பிறகும் படகு பிடிக்கத்தான் வேண்டும்.

பஸ்ஸில் போவதானால், சான் ஹோசே நகருக்குள் இருக்கும் கிரான் டெர்மினல் டெல் கரீபே நிலையத்திலிருந்து கரியாரி போகும் பஸ்ஸில் ஏறுங்கள். சுமார் 2 மணி நேரம். கரியாரியிலிருந்து லா பவோனா படகுத்துறைக்கு இன்னொரு பஸ், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து லா சுவெர்தே ஆற்றில் படகு, 1 முதல் 1½ மணி நேரம். ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்தால் படகு மணல்திட்டில் உரசி உரசி நகரும், நேரம் கூடும். மதியம் ஒரு மணி வாக்கில் புறப்படும் படகைக் குறிவைத்துக் காலையிலேயே கிளம்புங்கள். கடைசிப் படகை நம்பிப் போய், அதைத் தவறவிட்டால் லா பவோனாவில் இரவு தங்க வசதி எதுவும் பெரிதாகக் கிடையாது.

விமான நிலையம் இருப்பது அலஹுவேலா பக்கம், பஸ் நிலையம் சான் ஹோசே நடுவில். அதனால் விமானம் இறங்கிய அன்றே டோர்டுகேரோ என்று போட வேண்டாம். முதல் இரவு நகரில் தங்கிவிடுங்கள்.

கரியாரியில் இறங்கியதும் சிலர் சூழ்ந்துகொண்டு "போக வர டிக்கெட்" விற்கப் பார்ப்பார்கள். வாங்கினால் திரும்பும்போது அந்த ஒரு படகுக்காரரின் நேரத்துக்கே கட்டுப்பட்டுவிடுவீர்கள். ஒருவழி டிக்கெட்டைப் படகுத்துறையில் எடுங்கள்.

கார் வாடகைக்கு எடுத்தால் லா பவோனாவில் காவலோடு கட்டண நிறுத்தம் இருக்கிறது. பஸ்ஸானாலும் காரானாலும் 32-ஆம் எண் சாலைதான். பிராவுலியோ காரியோ காட்டுக்குள் போகும் அந்த மலைப்பகுதியில் மண் சரிந்து சாலையை மூடுவது அடிக்கடி நடக்கும். மூடினால் துரியால்பா, சிகிரெஸ் வழியாகச் சுற்ற வேண்டும், சில மணி நேரம் கூடும். முதல்நாள் இரவே சாலை நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள். இதே காரணத்தால், ஊர் திரும்பும் விமானத்தை டோர்டுகேரோவிலிருந்து கிளம்பும் நாளிலேயே வைக்காதீர்கள்.

---

மணல்மேடு பதில்:

ஆமை பற்றி நான் சொல்கிறேன்.

நாமாகப் போக முடியாது. மாலை 6 மணிக்கு மேல் விடியும் வரை உரிமம் பெற்ற கைடு இல்லாமல் கரையில் நடக்கவே தடை. ஜூலை முதல் அக்டோபர் வரை வருவது பேராமை (பச்சை ஆமை). ஏழுவரி ஆமை (லெதர்பேக்) மார்ச் முதல் மே வரை, அதுவும் மிகக் குறைவு. மேற்கு அட்லாண்டிக்கில் பேராமை அதிகமாக முட்டையிடும் இடம் இந்தக் கரைதான். செப்டம்பர் நடுவில் இன்னும் முட்டையிட்டுக்கொண்டிருக்கும், முன்னால் இட்ட கூடுகளிலிருந்து குஞ்சுகளும் வெளியேறத் தொடங்கியிருக்கும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பொரியும். விடிந்த கையோடு கரையில் நடந்தால் குஞ்சு கண்ணில் பட வாய்ப்புண்டு. கையில் எடுக்காதீர்கள், கடலில் கொண்டுபோய் விடவும் கூடாது. தானாக ஊர்ந்து போகட்டும்.

இரவுப் பயணம் இரண்டு முறை: 8 முதல் 10 மணி, 10 முதல் 12 மணி. எந்தக் குழுவுக்கு எந்த நேரம், கரையில் எந்தப் பகுதி என்பது ஒதுக்கீட்டில்தான் தெரியும், நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு கைடுக்கு அதிகபட்சம் 10 பேர். கரையில் ரோந்து போகிறவர்கள் ஆமையைக் கண்டு தகவல் சொல்லும் வரை நீங்கள் கரைக்குப் பின்னால் உள்ள பாதையில் காத்திருப்பீர்கள். ஆமை குழி தோண்டி முடித்து முட்டையிட ஆரம்பித்த பிறகுதான் உங்களைக் கிட்டே அழைத்துப் போவார்கள், அதுவும் பின்பக்கமாக. காரணம் எளியது: கரையேறும்போதும் தோண்டும்போதும் ஆமை மிகவும் மிரளும். சின்ன வெளிச்சமோ அசைவோ பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டை விழ ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு எளிதில் கலையாது. ஒரு கூட்டில் சுமார் 100 முட்டை.

கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறத்தில் முழுக்கைச் சட்டை, முழு பேண்ட், மூடிய காலணி. மழைக்கோட்டும் அடர்நிறமாக இருக்கட்டும், பளிச்சென்ற மஞ்சள் கோட்டைப் பார்த்துவிட்டு அழைத்துப்போக மறுக்கலாம். கொசு மருந்தை அறையிலேயே பூசிக்கொண்டு கிளம்புங்கள்.

முதல் இரவுக்கே இந்தப் பயணத்தைப் போட்டுவிடுங்கள். அன்று ஆமை வராமல் போனாலோ புயல்மழை அடித்தாலோ இன்னும் இரண்டு இரவு கையில் இருக்கும்.

கடலில் குளிப்பது வேண்டவே வேண்டாம். இழுவிசை கடுமையான நீரோட்டம், சுறா நடமாட்டம், முகத்துவாரத்தில் முதலை, உயிர்காப்பாளரும் கிடையாது. குளிக்க ஆசையென்றால் தெற்கே கவீதா, புவர்தோ வியேஹோ பக்கம் ஒரு நாள் வையுங்கள். செப்டம்பரில் அங்கே கடல் அமைதியாக இருக்கும்.

---

நெய்தல்:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். போனில் சிவப்புக் காகிதம் ஒட்டி ஒரு படம் எடுக்கலாமா? முட்டி வலியோடு அம்மாவால் மணலில் நடக்க முடியுமா?

---

மணல்மேடு:

படம் கூடாது, போனையும் கேமராவையும் அறையிலேயே விட்டுவிட வேண்டும். சிவப்பு விளக்கு கைடின் கையில் மட்டும். இந்தக் கட்டுப்பாடுகள் சும்மா வந்தவை இல்லை. இறைச்சிக்காகவும் ஏற்றுமதிக்காகவும் இதே கரையில் பேராமைகளைப் புரட்டிப் போட்டுப் பிடித்துக் கொண்டுபோன காலம் உண்டு. ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950களில் இங்கே வேலை தொடங்கினார், 1975-இல் தேசியப் பூங்கா ஆனது. இன்று ஊரே ஆமையை நம்பித்தான் பிழைக்கிறது. விதியை மீறச் சம்மதிக்கும் கைடு கிடைத்தால் அவரோடு போகாதீர்கள்.

நடை பற்றி முன்பதிவின்போதே கைடிடம் சொல்லுங்கள். இருட்டில், விளக்கில்லாமல், இளமணலில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேரலாம், அரை மணி நேரம் நின்றபடி காத்திருக்கவும் வேண்டிவரலாம். ஊன்றுகோல் இருந்தால் எடுத்துப் போகட்டும்.

---

கறிவேப்பிலை பதில்:

சாப்பாடு: "சின் கார்னே" என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி இல்லை என்று புரிந்துகொண்டு கோழி வந்து நிற்கும். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் ஹுவேவோ" (ஸ்பானிஷில்: இறைச்சி, கோழி, மீன், முட்டை இல்லாமல்) என்று நான்கையும் சொல்லுங்கள். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு (மன்தேக்கா) சேர்த்திருக்கிறதா, சூப்பில் கோழிச்சாறு போட்டதா என்றும் கேளுங்கள். தேங்காய்ப்பாலில் வெந்த ரைஸ் அண்ட் பீன்ஸ் இந்தக் கரையின் சொந்தச் சாப்பாடு, உங்கள் பெற்றோருக்குப் பிடித்துப்போகும். அதனுடன் பதகோனெஸ் என்ற வாழைக்காய் வறுவல். சைவ கசாதோவும் (சோறு, பீன்ஸ், காய் சேர்ந்த தட்டுச் சாப்பாடு) கிடைக்கும். அதில் முட்டை வைக்கிற வழக்கம் உண்டு, அதனால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பணம்: கிராமத்து ஏ.டி.எம்.மை நம்பிப் போக வேண்டாம், கரியாரியிலேயே கொலோன் (உள்ளூர் நாணயம்) எடுத்துவிடுங்கள். டாலரும் வாங்குவார்கள், ஆனால் சின்ன நோட்டாக, கிழியாததாக இருக்க வேண்டும்.

தங்குவது: கிராமத்துக்குள்ளேயே தங்கினால் செலவு குறைவு, கடைக்கும் கைடிடமும் நடந்தே போகலாம், கார் என்பதே கிடையாது. அக்கரை லாட்ஜ் என்றால் ஒவ்வொன்றுக்கும் படகு.

---

வழிப்போக்கன்:

பொதுவாக நானும் கிராமத்தையே சொல்வேன். ஆனால் இவர்களுக்கு லாட்ஜ் பேக்கேஜ் பொருத்தம் என்று தோன்றுகிறது. சான் ஹோசேயில் ஏற்றிப் பெட்டியோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள், இரண்டு பஸ், ஒரு படகு என்று நீங்களாக மாறி மாறி ஏற வேண்டியதில்லை. ஆமைப் பயணம் பெரும்பாலும் பேக்கேஜில் அடங்காது, தனிக் கட்டணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கால்வாய்ப் பயணத்தைக் காலை 6 மணிக்கே வையுங்கள். ஊளைக்குரங்கு, நீர்நாய், கெய்மான் (சிறு முதலை வகை) எல்லாம் வெயிலேறுமுன் தெரியும். அம்மா உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்பதால் அவருக்கு இதுதான் சிறந்த பகுதி. சின்னக் குழுவாக, குறுகிய கிளைகளுக்குள் துடுப்புப் போட்டோ மின்மோட்டாரிலோ போகும் படகைக் கேளுங்கள். செர்ரோ டோர்டுகேரோ குன்று (119 மீட்டர்) செங்குத்துப் படிகள், அம்மாவுக்கு வேண்டாம்.

பூங்கா நுழைவுச்சீட்டைப் பாஸ்போர்ட் எண் கொடுத்து சினாக் (தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் அரசு அமைப்பு) இணையதளத்தில் முன்பே எடுக்கலாம். கைடு வாங்கித் தருவாரென்றால் படகுக் கட்டணத்தில் அது அடக்கமா, தனியா என்பதைப் பணம் கொடுக்கும்முன் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.